மழைத்துளியும் மக்காச்சோளத் தட்டையும்

மண்ணரிப்பு என்றதும் நமக்கு ஓடுகிற தண்ணீர்தான் நினைவுக்கு வரும். ஆனால் தண்ணீர் ஓட ஆரம்பிக்கும் முன்பே, மழைத்துளி விழுகிற இடத்திலேயே வேலை தொடங்கிவிடுகிறது.

1917ல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் மண்ணரிப்பை முறையாக அளக்க ஆரம்பித்தார்கள். மில்லரும் டூலியும் 90.75 அடி நீளம், 6 அடி அகலத்தில் சரிவான பாத்திகள் அமைத்து, கீழ்முனையில் தொட்டி வைத்து, வழிந்து வரும் நீரையும் மண்ணையும் பிடித்தார்கள். அதென்ன 90.75? பெருக்கிப் பாருங்க, ஒரு ஏக்கரில் சரியாக எண்பதில் ஒரு பங்கு. (இந்த மாதிரி ஆட்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.) 14 ஆண்டுக் கணக்குப்படி, வருடா வருடம் உழுது மக்காச்சோளம் போட்ட பாத்தியில் 7 அங்குல மேல்மண் போக சுமார் 50 ஆண்டு. புல் மூடிய பாத்தியில் 3,000 ஆண்டுக்கும் மேல். மழையும் சரிவும் ஒன்றேதான்.

காரணத்தை டூலியே பிறகு நெப்ராஸ்காவில் பிடித்தார். வெறும் மண்ணில் துளி அடிக்கும்போது மண்கட்டிகள் உடைந்து, நுண்துகள் துளைகளை அடைத்து, மெல்லிய ஏடு மாதிரி படிந்துவிடுகிறது. அப்புறம் நீர் உள்ளே இறங்காது, வழிந்தோடும். மேலே வைக்கோல் கிடந்தால் அடியை அது வாங்கிக்கொள்கிறது, ஏடு படிவதில்லை. அதனால் அவரும் ரஸ்ஸலும் 1938 முதல், தாளை மேலேயே விட்டுவிட்டு மண்ணுக்கு அடியில் மட்டும் அறுத்துச் செல்லும் கருவிகளைச் சோதித்தார்கள். 1943ல் எட்வர்ட் ஃபால்க்னர், கலப்பையே முட்டாள்தனம் என்று ஒரு புத்தகமே எழுதிவிட்டார்.

விடை தெரிந்தும் விவசாயிகள் ஏன் உழுதுகொண்டே இருந்தார்கள்? பிடிவாதம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். உழவு மண்ணைப் பொலபொலப்பாக்க மட்டுமல்ல, களையைப் புதைக்கவும்தான். கலப்பையை ஓரம்கட்டினால் களையை யார் பார்ப்பது? 1962ல் கென்டக்கியில் ஹாரி யங் முக்கால் ஏக்கருக்கும் குறைவான இடத்தில் உழாமல் மக்காச்சோளம் விதைத்தபோது நிலைமை மாறியிருந்தது. 2,4-டி, அட்ரசின் போன்ற களைக்கொல்லிகள் அதற்குள் சந்தைக்கு வந்துவிட்டன.

அதாவது கலப்பையின் வேலையில் பெரும்பங்கு மருந்து டப்பாவுக்குப் போனது. மண் மிஞ்சியது உண்மை, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அட்ரசின் நிலத்தடி நீரில் இறங்குகிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2004ல் அதற்கு அனுமதி மறுத்தது. அமெரிக்க மக்காச்சோள வயல்களில் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.