கரிம்பனையும் ஆண்பனையும்: ஒரு மரம், இரு பதிவுகள்

கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு தொகுப்பித்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் இடம்பெற்ற தாவரங்கள் 742. நூல் வான் ரீடின் பெயரால் அறியப்பட்டாலும், அறிவின் பெரும்பகுதியை அளித்தவர்கள் சேர்த்தலைப் பகுதி ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்னும் கொங்கணி அறிஞர் மூவருமே. அன்றைய நிலையில் அது ஒரு மாபெரும் தாவரத் தரவுத்தளம். அதன் திறவுகோல் மக்கள் வழங்கிய பெயர்.

முதல் தொகுதியில் கரிம்பனை, ஆண்பனை என இரு பதிவுகள் உள்ளன. இந்தியாவுக்கு வந்தே இராத லின்னேயஸ் 1753இல் இரண்டையும் ஒரே இனமாக்கிப் போராசஸ் ஃபிளாபெல்லிஃபர் என்று பெயரிட்டார். அவர் செய்தது சரியே. பனையில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி, இனம் ஒன்று. இரண்டாகவே எண்ணியிருந்தால் மலபாரின் இன எண்ணிக்கை பிழையாக ஒன்று கூடியிருக்கும்.

இன்றைய பெருந்தரவுத்தளங்களும் இந்த வேலையையே முதலில் செய்கின்றன. ஜெர்மனியை மையமாகக் கொண்ட 'எஸ்பிளாட்' 11 லட்சத்துக்கும் மேற்பட்ட நிலத்துண்டுப் பதிவுகளை ஒருங்கிணைத்தபோது, பல நாடுகளின் பட்டியல்களில் இருந்த பெயர்களை ஒரே சீரான பட்டியலுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. இட்டி அச்சுதனின் நூலில் இல்லாத ஒன்றும் இவற்றில் உண்டு: எந்த இடத்தில், எவ்வளவு பரப்பில், எந்தெந்த இனங்கள் சேர்ந்து வளர்ந்தன என்ற செய்தி. காடு மாறுவதை அளக்க அதுவே அடிப்படை. ஆயினும் வெப்பமண்டலத்துப் பதிவுகள் ஐரோப்பாவினதை விட மிகக் குறைவு.

பெயர் ஒன்றாகும்போது ஒன்று விடுபடுகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தது. குளத்தூரும் பாறசாலையும் அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கு அப்பால் பனை, இப்பால் கரிம்பனை. தமிழ்ப் பனையேறிகள் ஆண்பனையை அலகு என்றும் பெண்பனையைப் பருவம் என்றும் பிரித்தே சொல்வர். நுங்கும் பழமும் பருவப்பனையில் மட்டுமே. மரங்கள் குறைந்துவரும் இடத்தில் எஞ்சியவற்றுள் அலகு எத்தனை, பருவம் எத்தனை என்பதே அடுத்த தலைமுறைப் பனையைத் தீர்மானிக்கும். நிலத்துண்டுப் படிவங்களில் பெரும்பாலும் இனப்பெயருக்கும் பரவலின் அளவுக்குமே இடம் உண்டு. 1678இன் பட்டியலில் அந்த வேறுபாடு, தவறான காரணத்துக்காகவேனும், பதிவாகியிருந்தது.