திருமழிசையார் கண்ட ஒரு கடவுள்

பல தெய்வ வழிபாடு ஒரு கடவுட் கொள்கையாக மாறியதற்குச் சான்று கேட்டால் எல்லோரும் பண்டைய யூதர்களையே சுட்டுவர். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பூவிருந்தவல்லிக்கு மேற்கே உள்ள திருமழிசை.

தொல்காப்பியம் நிலத்துக்கொரு தெய்வம் வகுத்தது: முல்லைக்கு மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன், மருதத்துக்கு வேந்தன், நெய்தலுக்கு வருணன். பரிபாடலிலோ திருமாலைப் பாடும்போது திருமாலே முழுமுதல். செவ்வேளைப் பாடும்போது அவனுக்கும் குறைவில்லை. இதில் எவரும் முரண் கண்டதாகத் தெரியவில்லை. முதலாழ்வார்களிடமும் இந்த நெகிழ்ச்சி உண்டு. பொய்கையார் அரனையும் நாரணனையும் ஒரே மேனியாகப் பாடுகிறார். பேயாழ்வார் திருமலையில் நிற்பவனிடம் தாழ்ந்த சடையையும் நீண்ட முடியையும் ஒருங்கே காண்கிறார்.

அந்தப் பேயாழ்வாரின் மாணாக்கர் என்று குருபரம்பரை கூறும் திருமழிசை ஆழ்வாரோ 'நான்முகன் திருவந்தாதி'யின் முதல் வெண்பாவிலேயே வரிசையை அறுதியிட்டு விடுகிறார்: நாராயணன் நான்முகனைப் படைத்தான், நான்முகன் சங்கரனைப் படைத்தான். சில பாடல்களுக்குள் சமணர், பௌத்தர், சிவனடியார் மூவரையும் ஒருசேரக் கண்டிக்கவும் செய்கிறார். ஆசிரியர் ஒன்றாகக் கண்ட இருவரை மாணாக்கர் மேல் கீழாக நிறுத்துகிறார். சமயங்கள் ஒன்றோடொன்று மோதிய காலத்தின் குரல் இது.

யூதர் சென்ற வழியின் தொடக்கமும் ஏறத்தாழ இதுவே. சினாயில் குன்டிலெட் அஜ்ருதில் கிடைத்த, கி.மு. 800ஐ ஒட்டிய எழுத்துப் பொறிப்புகள் யாவேயோடு அஷேராவையும் சேர்த்தே வாழ்த்துகின்றன. உபாகமம் 32ஆம் அதிகாரத்தில், இன்றைய எபிரேய பாடம் 'இஸ்ரவேலின் புதல்வர்' என்னும் இடத்தில், கும்ரான் சுவடித் துணுக்கு 'கடவுளின் புதல்வர்' என்கிறது. தலைமைத் தெய்வம், அதைச் சூழ்ந்த அவை என்ற அமைப்பின் எச்சம் அது. ஆனால் கி.மு. 586ஐ ஒட்டி எருசலேம் ஆலயம் அழிந்து, மக்கள் பாபிலோனுக்குச் சிறைபோயினர். அக்காலத்து வழக்கப்படி பார்த்தால் வென்றவர்களின் தெய்வமான மர்துக்கே பெரியவர். அதை ஏற்க மறுத்தவர்கள், பாபிலோனை ஏவியதும் யாவேதான் என்றனர். ஏசாயாவின் 40ஆம் அதிகாரம் முதலான பிற்பகுதி, வேறு கடவுளே இல்லை என்று முடித்துவிடுகிறது.

திருமழிசையார் அந்த இரண்டாம் அடியை எடுத்து வைக்கவில்லை. சிவன் இல்லை என்று அவர் சொல்லவில்லை. படைக்கப்பட்டவன் என்றே சொல்கிறார். இதை யூதர் பொருளில் ஒரு கடவுட் கொள்கை என்பது பொருந்தாது என்பது என் எண்ணம். மறுப்பதற்கு அவருடைய எதிர்த்தரப்பு தொலைதூரத்துப் பாபிலோனில் இருக்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்தது. இன்றும் ஜெகந்நாதப் பெருமாள் கோயிலும் ஒத்தாண்டீசுவரர் கோயிலும் அதே ஊரில்தான் இருக்கின்றன.

சைவம் உட்படப் பல சமயங்களிலும் புகுந்து வந்தவர் இவர் என்பது மரபு. பாட்டின் கடுமையைப் பார்த்தால் அக்கதை பிறந்த காரணம் விளங்கும். இன்னொரு கதையும் உண்டு. விடையேறி வந்த சிவன் ஆழ்வாரைச் சோதிக்க நெற்றிக்கண்ணைத் திறக்கிறார். ஆழ்வார் தம் கால் விரலில் ஒரு கண்ணைத் திறக்கிறார். சிவன் தோற்கிறார். ஆழ்வாருக்குப் 'பக்திசாரர்' என்ற பெயரைச் சூட்டிவிட்டுப் போகிறவரும் அவரே.