மலைநாட்டுப் பெற்றோரும் ஒரு தடுப்பூசியும்

2017ஆம் ஆண்டு முதல் இலங்கைப் பாடசாலைகளில் ஆறாந் தரத்துச் சிறுமியருக்குப் புதிய தடுப்பூசி ஒன்று இலவசமாகப் போடப்பட்டு வருகின்றது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான மனிதப் பப்பிலோமா வைரசை எதிர்க்கும் ஊசி அது. எச்.பி.வி. தடுப்பூசி என்பது அதன் வழக்குப் பெயர். சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்திலிருந்து பாடசாலைக்கு அறிவித்தல் வருகின்றது. பெற்றோரின் சம்மதத்தைக் கேட்டுப் பாடசாலையிலிருந்து ஒரு தாள் வீட்டிற்குச் செல்கின்றது. கொழும்பு மாளிகைக்குச் செல்லும் தாளும், நோர்வூட்டிலோ பொகவந்தலாவையிலோ உள்ள லயத்துக் காம்பராவுக்குச் செல்லும் தாளும் ஒன்றே. ஆனால் அதனைப் பெற்றுக்கொள்ளும் கைகளின் சரித்திரம் ஒன்றன்று.

மலையகத்திற் பணிபுரியும் ஆசிரியராகிய நாம் அந்தத் தாளுடன் வரும் வினாக்களையும் அறிவோம். "சேர், இந்த ஊசியப் போட்டா நாளைக்குப் பிள்ளை தங்காதாமே, மெய்யா?" என்று ஒரு தாய் கேட்பாள். "இன்னும் பெரிய பிள்ளைகூட ஆகல்லியே, அதுக்குள்ள எதுக்கு?" என்பாள் மற்றொருத்தி. "எங்க பிள்ளைகளுக்கு மட்டுந்தானா, டவுன் பிள்ளைகளுக்கும் உண்டா?" என்பது ஒரு தந்தையின் வினா. இவற்றை அறியாமை என்று கூறி ஒதுக்கிவிடுவோர் படித்தவரிடையே பலர் உளர். எளிதான பேச்சு அது. ஆயினும் ஒரு மக்கட் கூட்டத்தின் ஐயம் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. இவ்வையத்திற்கு வேர் உண்டு. அவ்வேர் ஒன்றரை நூற்றாண்டு ஆழமானது.

கோப்பிக் காலத்திலே தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளினூடே கால்நடையாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தனர். பேதியும் வைசூரியும் காய்ச்சலும் அவர்களை வழிநெடுகக் கொன்றன. மாண்டவர் தொகை யாது என்பதிலே சரித்திர ஆசிரியரிடையே இன்றும் வாதம் ஓயவில்லை. தோட்டத்தை அடைந்தவர் நோயுற்றபோதும் கதி வேறாக இருக்கவில்லை. வேலைக்கு உதவாதவர் எனக் கழிக்கப்பட்டுத் தெருவோரத்தில் உயிர் விட்டவரைப் பற்றிய பேச்சு அரசாங்கத்தையே கூச வைத்தது. 1872இல் குடியேறிய தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 14ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அதன் பின்னர் பல ஆண்டுகள் நடந்த வாதம் எதைப் பற்றியது? தொழிலாளியின் உடல்நலத்தைப் பற்றியதன்று. அதற்கான செலவைத் தோட்டத் துரைமாரா, அரசாங்கமா கொடுப்பது என்பதைப் பற்றியது. அவ்வாதத்திலே தொழிலாளியின் உடல் கணக்கேட்டின் ஒரு வரியாகவே நின்றது.

ஊசியின் கதையும் அக்காலத்தே தொடங்கியது. 1796இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் கண்ட அம்மைப்பால் 1802இல் இலங்கையை எட்டிற்று. 1886இல் அம்மைப்பால் குத்துவதைச் சட்டம் கட்டாயமாக்கியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தட்டப்பாறை முகாமிலும், பின்னர் மண்டபம் முகாமிலும், இலங்கைத் தோட்டங்களுக்கெனத் திரட்டப்பட்ட ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் பல நாட்கள் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்தம் துணிகள் நோய்க்கிருமி நீக்கப்பட்டன, உடல்கள் சோதிக்கப்பட்டன, கைகளிலே அம்மைப்பால் குத்தப்பட்டது. மாரியம்மனை வேண்டி மஞ்சளும் வேப்பிலையும் கொண்டு அம்மையை எதிர்கொண்டு பழகியவரிடம், இது யாது, எதற்காக என்று நின்று விளக்கியவர் அரிது. கொழும்புத் துறைமுகமும் தோட்டத்து உற்பத்தியும் நோயால் நின்றுவிடலாகாது என்பதே அங்கிருந்த அவசரம்.

ஆனால் இங்கே நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். அம்மைப்பாலைக் குத்தியவரின் நோக்கம் இலாபமாக இருக்கலாம். குத்தப்பட்டவரின் உயிரை அது காத்ததும் உண்மையே. 1980ஆம் ஆண்டு வைசூரி உலகிலிருந்தே ஒழிந்தது என்று பிரகடனம் செய்யப்பட்டது. மருந்தின் உண்மை வேறு. அதனைக் கையாளும் அதிகாரத்தின் குணம் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் ஒன்று அதிகாரத்தை வணங்குவர். அல்லது மருந்தை வெறுப்பர். இரண்டுமே உழைக்கும் மக்களுக்குக் கேடு.

சுதந்திரத்தின் பின்னரும் அந்த உடல் அதன் உரியவருக்குச் சொந்தமாகவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும், 300,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரித்து, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவைத்தது. பிரிக்கப்பட்டவரின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. வாக்கில்லாதவரின் லயத்துக்கு வைத்தியர் வர வேண்டிய அவசரமும் எவருக்கும் இல்லை.

அவ்வாறிருந்த தோட்டங்களுக்கு ஒரு சேவை மாத்திரம் சுறுசுறுப்பாக வந்தது. எல்.ஆர்.டி. என்ற எழுத்துகளின் விரிவு தெரியாதவருக்கும் அதன் பொருள் லயங்களிலே தெரியும். பெண்களுக்கான கருத்தடை அறுவை அது. 1980களிலே அதற்கு ஊக்கத் தொகையும் வழங்கப்பட்டது. நகரத்தையும் கிராமத்தையும்விடத் தோட்டப்புறத்திலேயே இவ்வறுவையின் பங்கு மிகுந்திருந்தது என்பதை அரசாங்க ஆய்வுகளே காட்டின. விரும்பிச் செய்துகொண்ட பெண்களும் இருந்தனர். அவர்தம் உரிமை அது. ஆனால் ஊக்கத் தொகைக்கும் நிர்வாகத்தின் சொல்லுக்கும் நடுவே நின்ற வறிய பெண்ணின் சம்மதம் எத்துணை சுதந்திரமானது? வேறு முறைகளும் உண்டு என அவளிடம் கூறியவர் எத்தனை பேர்? 'இந்த ஊசியால் பிள்ளை தங்காதாமே' என்று இன்று கேட்கும் தாய், அன்று அறுவை செய்துகொண்டவளின் மகள், அல்லது பேத்தி. அவள் கேட்பதிலே மூடத்தனம் எங்கே இருக்கின்றது?

இதே தடுப்பூசியின் பெயரால் நிகழ்ந்த ஒரு தவறும் நம் அயலிலே உண்டு. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் ஏறக்குறைய 24,000 சிறுமியருக்கு இவ்வூசி பரீட்சார்த்தத் திட்டமொன்றின் கீழ்ப் போடப்பட்டது. அமெரிக்க நிறுவனமான 'பாத்' அதனை நடத்தியது. கம்மத்திலே பழங்குடிச் சிறுமியர் பலர் விடுதிகளில் தங்கிப் பயின்றனர். பின்னர் ஆராயப்பட்ட 9,543 சம்மதப் படிவங்களில் 2,763 படிவங்களிலே பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளரே ஒப்பமிட்டிருந்தனர். ஏழு சிறுமியர் இறந்த செய்தி வெளிவந்ததும் மாதர் இயக்கங்கள் குரல் எழுப்பின. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அம்மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமன்று என்றே விசாரணைக் குழு முடிவு கூறியது. ஆனால் 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு, சம்மதம் பெறப்பட்ட முறையை வன்மையாகக் கண்டித்தது. ஊசி குற்றவாளியன்று, ஒப்பம் களவாடப்பட்டதே குற்றம். இப்பேதத்தை எவரும் விளக்காமையால், 'ஊசி பிள்ளைகளைக் கொன்றது' என்ற வதந்தியே நாடெங்கும் பரவி நிலைத்தது.

இந்நோயின் விஞ்ஞான வரலாற்றிலேயே களவாடப்பட்ட சம்மதம் ஒன்று இருக்கின்றது. அமெரிக்காவில் வேர்ஜீனியாவின் புகையிலை வயல்களில் உழைத்து வளர்ந்த கறுப்பினப் பெண் ஹென்றியேற்றா லாக்ஸ், 1951இல் தமது 31ஆம் வயதில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் இறந்தார். பால்டிமோர் வைத்தியசாலையிலே அவரைக் கேளாமல் எடுக்கப்பட்ட கலங்கள் உலகின் ஆய்வுகூடங்களில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. போலியோத் தடுப்பூசியைச் சோதிக்க உதவியவை அவையே. அவர்தம் புற்றிலே இருந்தது பப்பிலோமா வைரசின் 18ஆம் வகை என்பது பின்னாளில் அறியப்பட்டது. ஜெர்மானிய விஞ்ஞானி ஹெரால்ட் சூர் ஹவுசனின் குழு 1983இல் 16ஆம் வகையையும், அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் புற்றுக் கலங்களிலே கண்டறிந்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டிற்று. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களிலே நூற்றுக்கு எழுபதுக்கு இவ்விரு வகைகளே காரணம்.

2006இல் விற்பனைக்கு வந்தபோது இத்தடுப்பூசியின் மூன்று ஊசிகளுக்கு அமெரிக்காவில் 360 டொலர் விலை. அதே பாதுகாப்பு, கொழுந்து பறிப்பவளின் மகளுக்கு இன்று காசின்றிக் கிடைக்கின்றது. இலவச மருத்துவமும் இலவசக் கல்வியும் இந்நாட்டு மக்கள் இயக்கங்களின் பேறுகள். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் 1977 முதல் படிப்படியாகப் பொறுப்பேற்றிராவிடின், பாடசாலை வழியே வரும் இவ்வூசி அம்மகளைத் தேடி வந்திருக்கவும் மாட்டாது.

இனிப் பெற்றோரின் வினாக்களுக்கு விடை கூறுவோம். இவ்வூசியில் இருப்பது வைரசன்று. வைரசின் மேலோட்டைப் போன்று செய்யப்பட்ட புரதம் மாத்திரமே. அதனால் நோய் தொற்றாது. கருப்பையையோ கருத்தரிக்கும் ஆற்றலையோ அது தீண்டுவதில்லை. கோடிக்கணக்கான சிறுமியருக்குப் போட்ட பின்னர் சேர்ந்த சான்றுகளை உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு மீண்டும் மீண்டும் ஆராய்ந்தது. மலட்டுத் தன்மைக்கும் இதற்கும் தொடர்பு காணப்படவில்லை. கை நோகலாம், சிறிது காய்ச்சல் வரலாம், சிலர் மயங்கலாம். கடும் ஒவ்வாமை மிக அரிது. உண்மையில் தாய்மையைப் பறிப்பது இந்நோயே. கருப்பையைக் கழுத்தோடு அகற்ற நேரும் பெண்ணுக்கு அதன்பின் கருவேது?

பெரிய பிள்ளையாகுமுன் ஏன் என்பதற்கும் விடை உண்டு. இவ்வைரசு ஆண் பெண் உறவினால் தொற்றுவது. தொற்றிய பின்னர் போடும் ஊசி அதனை வெளியேற்றாது. ஆகவே இல்வாழ்வு பற்றிய பேச்சே எழாத வயதில் அரண் கட்டுகின்றனர். இது மகளின் ஒழுக்கத்தின் மீதான ஐயமன்று. கணவனிடமிருந்து மனைவிக்கும் இது வரும். தொற்று நிலைத்துப் புற்றாக மாறப் பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்லும். பத்து வயதிலே பெற்றோர் இடும் ஒப்பத்தின் பயனை மகள் முப்பத்தைந்து வயதிலே காண்பாள். டவுன் பிள்ளைகளுக்கும் இதே ஊசிதான். இங்கிலாந்திலே 12, 13 வயதில் இதனைப் பெற்றவரிடையே இந்நோய் நூற்றுக்கு 87 பங்கு குறைந்ததை 2021இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று.

மறுப்பின் விலையும் அளக்கப்பட்டிருக்கின்றது. ஐப்பானிய அரசாங்கம் 2013இல் பக்கவிளைவு பற்றிய பீதிக்கு அஞ்சித் தன் பரிந்துரையை நிறுத்திற்று. நூற்றுக்கு எழுபதளவில் இருந்த பங்கேற்பு ஒன்றிலும் கீழே வீழ்ந்தது. 2022இலேதான் பரிந்துரை மீண்டது. அவ்விடைவெளியால் சுமார் 5000 பெண்கள் உயிரிழக்க நேரும் என ஆய்வாளர் கணித்தனர். செல்வ நாட்டின் நிலை அது. 2022இல் உலகெங்கும் இந்நோயால் மாண்ட ஏறக்குறைய 350,000 பெண்களிலே பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர். இப்புற்றுநோய் வர்க்கம் பார்த்துக் கொல்கின்றது.

தோட்டத்துப் பெண்ணின் நிலையை எண்ணிப் பார்ப்போம். முப்பத்தைந்து வயதில் 'சுவநாரி' கிளினிக்கிற்குச் சென்று பரிசோதித்துக்கொள்ளும் வாய்ப்பு 1996இல் தொடங்கிய திட்டத்தால் இந்நாட்டுப் பெண்களுக்கு உண்டு. ஆனால் கிளினிக்கிற்குப் போகும் நாளில் அவளுக்குப் பேர் விழாது. பேர் விழாத நாளுக்குச் சம்பளமில்லை. கூடை முதுகில் ஏறிய பின் அடிவயிற்று நோவையும் இரத்தப் போக்கையும் மலைக்கு மலை சுமந்து திரிபவள் அவள். நோய் முற்றிய பின்னர் கண்டிக்கோ மகரகமைக்கோ செல்லும் பயணத்தின் செலவும், அங்கே தன் மொழியில் நோவைச் சொல்ல இயலாத தவிப்பும் வேறு. சிகிச்சை தொலைவிலிருப்பவருக்கே தடுப்பு மிக அவசியம். மகளுக்கு ஊசியை மறுத்தால் நூற்றைம்பது ஆண்டு அநீதிக்காகத் துரை வருந்தப் போவதில்லை. அரசாங்கம் நாணப் போவதில்லை. விலையைச் செலுத்துபவள் மகளே.

ஆதலால் ஆசிரியரின் கடமை தாளைக் கொடுத்து ஒப்பம் வாங்குவதோடு தீர்வதில்லை. 'போடாவிட்டால் பாடசாலைக்கு வராதே' என்று மிரட்டுவது மண்டபம் முகாமின் மொழி. பெற்றோரை அவர்கள் வேலை முடித்து வரும் நேரத்தில் அழைத்து, குடும்ப நல உத்தியோகத்தரை அருகிருத்தி, தமிழிலே, கேட்ட வினாவையே மீண்டும் கேட்டாலும் சலியாமல் விளக்க வேண்டும். தந்தையரும் வர வேண்டும். எல்.ஆர்.டி.யின் கதையை மறைக்காமல் பேச வேண்டும். அப்போதுதான் இது வேறு என்பது நம்பப்படும். மகளுக்கு ஊசி போடும் தாய் தானும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். அந்நாளுக்குச் சம்பளம் வேண்டும் என்பது தொழிற்சங்கங்களின் கோரிக்கையாதல் வேண்டும்.

முகாமிலே கேளாமற் குத்தினர். ஒப்பந்தத்திலே கேளாமற் பிரித்தனர். இன்று ஒரு தாள் லயத்து வாசலில் வந்து 'உன் மகளுக்கு இதனைச் செய்யலாமா?' என்று கேட்கின்றது. கேட்கப்படுதல் என்னும் இவ்வுரிமை இரங்கித் தரப்பட்டதன்று; போராடிப் பெற்றது. அறிந்து, வினவி, தெளிந்து, தன் கையாலேயே ஒப்பமிடுவது அவ்வுரிமைக்குச் செய்யும் மரியாதை. மகளின் வாழ்வுக்குச் செய்யும் கடமையும் அதுவே.