மேகக் கணினிகளைப் பெயரால் இயக்குதல்

மேகத்தில் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினியை, ஐபி எண்ணுக்குப் பதில் ஹோஸ்ட்நேம் கொடுத்துக் கட்டளை வரியிலிருந்து நிர்வகிக்கும் முறை. இத்தகைய கணினிகளை வாடகைக்கு விடும் மைக்ரோசாஃப்ட் அசூர் 2015இல் சென்னையில் ‘சவுத் இந்தியா’ மண்டலத்தைத் திறந்தது. அமேசானின் மும்பை மண்டலம் 2016இலும், கூகுளுடையது 2017இலும் வந்தன. விளாத்திகுளத்தில் உட்கார்ந்தபடியே இந்தக் கணினிகளுக்குள் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு முறை வழியாக நுழையலாம். வேண்டியவை இணைய இணைப்பும் சாவிக் கோப்பும்தான்.

அமேசானில் கணினியை நிறுத்தி மறுபடி தொடங்கினால், எலாஸ்டிக் ஐபி என்ற நிலையான எண் இல்லாதபோது, பொது ஐபி எண் மாறிவிடும். பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வகுத்த டிஎன்எஸ் அமைப்பில் பெயர்ப் பதிவைப் புதிய எண்ணுக்குத் திருப்பிவிட்டால், பழைய கட்டளைகளைத் திருத்த வேண்டியதில்லை. கூகுளின் ஜிகிளவுட் கருவிக்கு அதுகூடத் தேவையில்லை. திட்டத்திலுள்ள கணினியின் பெயரே போதும். நிலையான எண்ணுள்ள ஓரிரு கணினிகள்தான் என்றால், எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் ஒரு சுருக்கப் பெயர் எழுதிக்கொள்வதே மேல். டிஎன்எஸ் அங்கே வீண் வேலை.

அதே பெயர் வேறொரு கணினியைச் சுட்டத் தொடங்கினால், ஹோஸ்ட் சாவி மாறிவிட்டதாக எஸ்எஸ்எச் எச்சரித்து நிறுத்தும். தம் கணினியில் பழைய சாவி பதிவாகியுள்ள வரியை அழித்துவிட்டு மேலே போவது பலரின் வழக்கம். அழிக்கும் முன், புதிய சாவியின் ஃபிங்கர்பிரின்ட்டைக் கணினியின் கன்சோல் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.