தேன்கழிவு (வெள்ளை ஈ)

வெள்ளை ஈக்கள் செடிச்சாற்றை உறிஞ்சி வெளியேற்றும் பிசுபிசுப்பான இனிப்புநீர். சாற்றில் சர்க்கரை மிகுதி, அமினோ அமிலங்கள் சொற்பம். புரதத்துக்காக நிறையக் குடித்து, மிஞ்சிய சர்க்கரையைக் கழித்துவிடுகின்றன. கழியும் அளவு பூச்சியின் வளர்பருவம், பயிர் வகை, தழைச்சத்து, வெப்பம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும்.

தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் இதனால் பாதிக்கப்படக்கூடிய முக்கியப் பயிர் பருத்தி. காய் வெடித்தபின் விழும் கழிவுதான் மிக மோசம். அதிலுள்ள டிரெகலுலோஸ் என்ற சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் நூற்பாலை உருளைகளில் பஞ்சு ஒட்டிச் சுற்றும். மழை பெய்தால் ஓரளவு கழுவிவிடும்.

தென்னையில் நிலைமை வேறு. 2016இல் பொள்ளாச்சியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயின் கழிவு கீழ்மட்டைகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படரும். கண்டபடி மருந்தடித்தால் அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா குளவியும் செத்துப்போகும்.