ஆங்கில வகுப்பில் ஒரு தமிழ்ச் சொல்

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னர் ஆங்கிலப் பாடங்களை மீள்பார்வை செய்வது பள்ளிகளில் வழக்கம். கதை, நாடகம், அணி என்னும் மூன்றையும் அப்பொழுதுதான் ஒருசேர எடுத்துக்கொள்வோம். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு நாளில் பத்தாம் வகுப்பில் உருவகத்தை விளக்கிக்கொண்டிருந்தோம். உலக நாடுகளிடையே ஒரு நாடு 'பரையா' ஆகிவிட்டது என்றொரு வாக்கியம் பயிற்சித்தாளில் இருந்தது. பொருள் காணும் இடத்தில் 'விலக்கப்பட்டவர்' என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குச் செல்லும் மாணவன் ஒருவன் கடைசி வரிசையில் எழுந்து நின்றான்.

"ஐயா, இது எங்க சனத்துப் பேரு மாதிரியே இருக்குதுங்களே?"

வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. மணி அடித்துவிட்டது. மறுநாள் சொல்வதாகக் கூறி வெளியே வந்தோம். அன்றிரவு தேடிக் கண்டவற்றை, நம் கல்விச் சங்கத்து வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று அன்பர்கள் பணித்தமையால், ஈண்டுச் சற்று விரித்து எழுதுகிறோம்.

பறை என்பது தோற்கருவி. பறைதல் என்பதற்குச் சொல்லுதல் என்னும் பொருளும் உண்டு. புறநானூற்று 335-ஆம் பாடலில் மாங்குடி கிழார் சிறந்த குடிகள் நான்கினை எண்ணும்போது பறையனையும் ஒருவனாக வைத்து எண்ணுகிறார். அங்கே இழிவு ஏதுமில்லை. (நம் கொங்குப் பகுதியில் தப்பட்டை அடிப்போர் பெரும்பாலும் அருந்ததிய மக்களே. பெயர் ஒரு சாராருக்கும் கருவி மற்றொரு சாராருக்குமாக இங்கே அமைந்துவிட்டது.) கருவியின் பெயர் மக்களுக்கு ஆகி வந்தமையால் இதனை ஆகுபெயர் எனலாமா என்று தமிழாசிரியரைக் கேட்டோம். விகுதி பெற்று வந்த பெயர், ஆகுபெயர் அன்று என்று அவர் மறுத்தார். அவர் கூற்றே சரி.

இப்பெயரை 16-ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசியர் தம் குறிப்புகளில் எழுதினர். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆங்கிலத்திற் புகுந்தது. அப்போதும் அது ஒரு மக்கட்பிரிவின் பெயர்தான். அதனை உருவகமாக்கியதில் கதைக்கும் நாடகத்துக்கும் பெரும்பங்கு உண்டு.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பெர்னார்தேன் தெ சேன்பியேர் 'இந்தியக் குடிசை' என்னும் கதையை எழுதினார். உண்மையைத் தேடிப் புறப்பட்ட ஆங்கில அறிஞர் ஒருவர், ஜகந்நாதத்தின் தலைமைப் பிராமணரிடம் பெறாத விடையைப் புயலுக்கு ஒதுங்கிய ஒரு பறையர் குடிசையிற் பெறுகிறார் என்பது கதை. 1821-இல் பாரிஸ் நகரில் தெலவீஞ் எழுதிய 'பரியா' என்னும் நாடகம் அரங்கேறிற்று. பிறப்பை மறைத்துப் படைத்தலைவனாக உயர்ந்த ஒருவன் தலைமைக் குருக்களின் மகளைக் காதலிக்கிறான்; பிறப்பு வெளிப்பட்டதும் கொல்லப்படுகிறான். 1823-இல் பெர்லினில் மிகேல் பேயர் அதே பெயரில் மற்றொரு நாடகம் செய்தார். அவர் யூதர். தம் இனத்தார்க்கு ஜெர்மனியில் நேர்ந்த ஒதுக்கத்தை நேரே கூறாது நம் பெயரைப் போர்த்திக் கூறினார். 1838-இல் பிளோரா திரிஸ்தான் என்னும் பெண்மணி தம் பயண நூலின் தலைப்பில் தம்மையே 'பரியா' என்று அழைத்துக்கொண்டார்.

இவர்கள் எவரும் நம்மை இகழ்ந்தவர் அல்லர், இரங்கியவரே. எனினும் தமிழகத்துச் சேரி ஒன்றையேனும் கண்டு எழுதியவர் இவர்களுள் ஒருவருமில்லை. யூதரின் துயரைக் கூறவும் பெண்களின் துயரைக் கூறவும் அச்சொல் பயன்பட்டது. பறையரின் துயரைக் கூற அதற்கு நேரமில்லாமற் போயிற்று. ஆங்கிலேயரோ தெருநாய்க்கும் பருந்துக்குங்கூட இப்பெயரை அடைமொழியாக இட்டனர். யூல், பர்னல் என்னும் இருவர் 1886-இல் தொகுத்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் இவ்விரண்டும் பதிவாகியுள்ளன. பெரிய எழுத்தில் தொடங்கிய பெயர் சிறிய எழுத்துக்கு இறங்கிப் பொதுச்சொல் ஆகிவிட்டது.

நிற்க. இதே காலத்தில் இங்கு நடந்தது என்ன? 1859-இற் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் கோயமுத்தூரிற் கல்லூரிக் கல்வி பயின்றவர். திருப்பூர் 2009 வரை அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே ஆதலின் அவரை நம் ஊர்ப் பக்கத்து மாணவர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. உடன் பயின்றவர் தம் சாதியையும் இருப்பிடத்தையும் அறிந்துகொள்வர் என்றஞ்சி அவர் வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். இதனைத் தம் தன்வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். தெலவீஞ் நாடகத்துப் படைத்தலைவன் மறைத்ததும் இதைத்தான். ஆனால் சீனிவாசன் நாடகப் பாத்திரம் அல்லர். 1893-இல் சென்னையிற் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு 'பறையன்' என்றே பெயர் சூட்டினார். வகுப்பறையில் ஒளித்த பெயரை முகப்பிற் பெரிய எழுத்தில் அச்சிட்டார்! 1930-இல் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் சென்றார்.

பெயரை நிமிர்த்த வேண்டும் என்று அவர் கருதினார். மாற்ற வேண்டும் என்று கருதியவரும் உண்டு. 1922-இல் எம். சி. ராஜா சென்னைச் சட்டசபையிற் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக அரசுப் பதிவுகளில் ஆதிதிராவிடர் என்னும் பெயர் இடம்பெற்றது. இங்கே ஏடுகள் திருந்தின. ஆங்கில அகராதிக்கு எந்தச் சட்டசபையில் தீர்மானம் கொணர்வது?

மறுநாள் இவற்றுள் ஒரு பகுதியைக் கரும்பலகையில் ஆண்டு வாரியாக எழுதிக் காட்டினோம். அம்மாணவன் முழுவதையும் குறித்துக்கொண்டான். பின்பு, "அப்ப பரீட்சைல அந்த அர்த்தத்தை எழுதலாமுங்களா, கூடாதுங்களா?" என்று கேட்டான். மதிப்பெண்ணுக்காகப் பொருளை எழுது. அருகில் அது எம்மொழிச் சொல் என்பதையும் எழுது என்றோம்.

அரையாண்டுத் தாளில் அச்சொல் வந்தது. வினாத்தாள் நாம் அமைத்ததுதான். அவன் 'விலக்கப்பட்டவர்' என்று எழுதி, பக்கத்திலே 'தமிழ், பறை' என்றும் எழுதியிருந்தான். பொருளுக்கு ஒரு மதிப்பெண் இட்டோம். மற்றதற்கு மதிப்பெண் இட விதியில்லை. ஓரத்தில் சிவப்பு மையால் சரி என்று குறித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தோம்.