லிமா, குஸ்கோ, வளப்பூர் நாடு: பற்கூச்சச் சிகிச்சைகளின் தரவரிசை குறித்து ஒரு மறுவாசிப்பு

பல் மருத்துவரின் நாற்காலியில் செய்யப்படும் பற்கூச்சச் சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வுகள் தரவரிசையில் போய் முடிவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலான பட்டியல்களில் லேசர் மேலே இருக்கும். அடுத்து குளூட்டரால்டிஹைடு கலவை, பிறகு பிசின் பூச்சுகள், கீழே ஃப்ளோரைடு வார்னிஷ். வெள்ளி டையமைன் ஃப்ளோரைடுக்கு ஓரத்தில் ஒரு வரி கிடைக்கும்: ஏழு நாள் ஆய்வு, கறை படியும், மேலும் ஆராய வேண்டும். இந்தத் தரவரிசை மரபு சொல்லாமலே ஒன்றை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மருந்தின் பலன் மருந்தைச் சார்ந்தது. ஆய்வு எந்த ஊரில் நடந்தது என்பது புள்ளியியல் இரைச்சல். அந்த ஏற்பு பிழை என்பதே என் வாதம். அதைக் காட்டும் சான்று கையருகே இருந்தும், அது தலைகீழாக வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது.

நான் சொல்வது 2011இல் காஸ்டில்லோ குழுவினர் ‘ஜர்னல் ஆஃப் டென்டல் ரிசர்ச்’ இதழில் வெளியிட்ட பெரு நாட்டு ஆய்வு. லிமா, குஸ்கோ ஆகிய இரு நகரங்களில், காற்று பட்டால் கூசும் பல் ஒன்றாவது உடைய 126 பெரியவர்கள் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு வெள்ளி டையமைன் ஃப்ளோரைடும் மற்றவர்களுக்குக் கிருமி நீக்கிய வெறும் நீரும் பூசப்பட்டன. வலி 100 மில்லிமீட்டர் வலிக்கோட்டில் 24 மணி நேரத்திலும் ஏழாம் நாளிலும் அளக்கப்பட்டது. லிமாவில் ஏழாம் நாள் மருந்துக் குழுவின் வலி சராசரியாக 35.8 மி.மீ. இறங்கியது (திட்டவிலக்கம் 27.7). நீர்க் குழுவின் மாற்றம் 0.4 மி.மீ. (16.2), அதாவது ஒன்றுமில்லை. குஸ்கோவில் மருந்துக் குழு 23.4 மி.மீ. (21.0) இறங்கியது, நீர்க் குழு 5.5 மி.மீ. (18.1) இறங்கியது. இரு ஊரிலும் மருந்து வென்றது. ஈறில் சிலருக்குச் சிறிது நேரம் சிவந்ததைத் தவிரத் தீங்கில்லை. பலனுள்ளது, பாதுகாப்பானது என்று ஆய்வாளர்கள் முடித்தார்கள். தரவரிசை மரபும் அந்த முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, இரு ஊரையும் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட்டது.

பெட்டியைத் திறந்து பார்க்கலாம். நீரைக் கழித்தால் லிமாவில் நிகரப் பலன் சுமார் 36 மி.மீ., குஸ்கோவில் சுமார் 18. அதே மருந்து, அதே நெறிமுறை, அதே ஏழு நாள், பலன் சரிபாதி. இந்த வேறுபாடு தற்செயலா என்று தனியே கணக்கிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. 126 பேரும் நான்கு பிரிவுகளில் ஏறத்தாழச் சமமாக, பிரிவுக்கு 31 அல்லது 32 பேராக இருந்தார்கள் என்று வைத்துக்கொண்டால், லிமாவின் நிகரப் பலனுக்குத் திட்டப்பிழை சுமார் 5.7, குஸ்கோவுக்குச் சுமார் 4.9. இரண்டுக்கும் இடையிலான 18.3 மி.மீ. வேறுபாட்டின் திட்டப்பிழை சுமார் 7.6 ஆகிறது. 95 சதவீத நம்பக இடைவெளி சுமார் 3.5இலிருந்து 33 வரை நீள்கிறது. பரந்த இடைவெளிதான். ஆனால் பூஜ்யம் அதற்குள் இல்லை. பிரிவுகளின் எண்ணிக்கை ஓரளவு ஏறி இறங்கினாலும் இந்த முடிவு பெரிதாக மாறாது.

இது முன்கூட்டி அறிவித்த கேள்வியல்ல, பின்னர் போட்ட கணக்கு. ஊர்களும் இரண்டே. எனவே ‘ஊரால் பலன் மாறுகிறது’ என்று நிறுவப்பட்டதாக நான் சொல்லவில்லை. சொல்வது இவ்வளவே: இரு மருந்துகளுக்கு இடையே ஒரு தரவரிசை காட்டும் இடைவெளி 18 மி.மீ.க்குக் குறைவாக இருந்து, அந்த மருந்துகள் வெவ்வேறு ஊர்களில் சோதிக்கப்பட்டிருந்தால், இடைவெளி மருந்தினுடையதா ஊரினுடையதா என்று பிரித்தறிய அந்தத் தரவரிசைக்கு வழியில்லை.

ஊர் என்றால் உயரம்தானே, குஸ்கோ கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3,400 மீட்டர் மேலே இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையினதில் மூன்றில் இரண்டு பங்குதான். காற்று உலர்ந்தது, குளிர்ந்தது. பிரான்ஸ்ட்ராம் வகுத்த நீரியக்கக் கோட்பாட்டின்படி, டென்டின் நுண்குழல்களுக்குள் இருக்கும் திரவம் வெளிநோக்கி நகர்வதே கூச்சத்தைத் தூண்டுகிறது. உலர்காற்றில் ஆவியாதல் கூடும், நகர்வும் கூடும். கேட்க அழகான விளக்கம். ஆனாலும் உயரத்தின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்ற நான் தயாரில்லை. கொல்லிமலையின் உயரம் ஆயிரம் மீட்டரை ஒட்டியது. நாமக்கல் சமவெளியைவிட அழுத்தம் அங்கே பத்து சதவீத அளவே குறைவு. குஸ்கோவின் கணக்கை உயரத்தின் பெயரால் மட்டும் கொல்லிமலையிலுள்ள வளப்பூர் நாட்டுக்கு இறக்குமதி செய்ய முடியாது. தொடக்க வலி இரு ஊரிலும் வேறாக இருந்திருக்கலாம், கூடுதல் வலி இருந்தால்தானே கூடுதலாக இறங்கும் என்பது மற்றோர் ஆட்சேபம். இருக்கட்டும். எந்த ஊரில் எந்த அளவு முற்றிய பிறகு மக்கள் பல் மருத்துவரிடம் வருகிறார்கள் என்பதும் ஊரின் இயல்புதான்.

இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் மறைப்பு பற்றியது. வெள்ளிக் கரைசலுக்கு உலோகக் கசப்பு உண்டு, நீருக்கு இல்லை. பங்கேற்பவர்களுக்குத் தமக்கு எது பூசப்பட்டது என்பதை நாக்கு சொல்லிவிட்டால், மறைப்பு பெயரளவில்தான் இருக்கும். தரவரிசை மரபு இதையும் சொல்லி ஆய்வை ஓரங்கட்டுகிறது. நான் அதே ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டு வேறிடத்துக்குப் போகிறேன். பற்கூச்ச ஆய்வுகளில் மருந்துப்போலிக் குழுவும் கணிசமாகத் தேறும் என்பது இத்துறையின் பாலபாடம்; 20 முதல் 60 சதவீதம் வரை தேற்றம் பதிவாகியிருக்கிறது. அப்படியிருக்க, லிமாவின் நீர்க் குழு அசையவே இல்லை. வியப்புக்குரியது மருந்தின் 35.8 அன்று, நீரின் 0.4. தமக்குக் கிடைத்தது வெறும் நீர் என்று அறிந்துகொண்டவர்களிடம்தான் மருந்துப்போலியின் விளைவு இப்படித் துடைத்தெடுத்ததுபோல் காணாமல் போகும். குஸ்கோவின் நீர்க் குழுவில் சிறு தேற்றமாவது இருக்கிறது. அங்கே மறைப்பு ஓரளவு நின்றிருக்கிறது என்று கொள்ள இடமுண்டு. அப்படியானால் நம்பத்தக்க எண் குஸ்கோவின் 18. லிமாவின் 36 ஊதிப் பெருத்தது. இந்த ஆய்வை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் லிமாவை முன்வைத்து, குஸ்கோவை ‘உறுதிப்படுத்தும் இரண்டாம் தளம்’ என்று கடந்துவிடுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் துணிபு.

ஊர்க் காரணமா மறைப்புக் காரணமா என்று இந்த ஓர் ஆய்விலிருந்து தீர்க்க முடியாது. ஆனால் இரண்டில் எது உண்மையாயினும், எச்சரிக்கை கருதி மலை மருத்துவர் கணக்கில் எடுக்க வேண்டியது குறைந்த எண்ணான 18தான். அதுவே நாற்காலிச் சிகிச்சைக்குப் போதுமான பலனும்கூட.

தரவரிசையாளர்களின் மற்றொரு ஆதாரம் மின்னணு நுண்ணோக்கிப் படங்கள். லேசர் பட்ட பரப்பில் நுண்குழல் வாய்கள் உருகி மூடிக்கிடக்கும். வார்னிஷ் பூசிய பரப்பில் பாதி திறந்திருக்கும். படத்தைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதத் தோன்றும். இங்கே இயற்பியலை நினைவுகூர வேண்டியிருக்கிறது. குழலில் ஓடும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் பாதியானாலே ஓட்டம் பதினாறில் ஒன்றாகிவிடும். 94 சதவீதம் அங்கேயே அடங்கிவிடுகிறது. எஞ்சிய ஆறு சதவீதத்துக்குத்தான் முழு அடைப்பு. 1987இல் அப்சி, ஆடி, ஆடம்ஸ் மூவரும் கூசும் பற்களில் திறந்த நுண்குழல்கள் ஏறத்தாழ எட்டு மடங்கு மிகுதி என்றும் அவற்றின் விட்டம் ஏறத்தாழ இரு மடங்கு என்றும் காட்டினார்கள். இரண்டையும் பெருக்கினால் நூறு மடங்குக்கு மேற்பட்ட ஓட்டம் வரும். அதே கணக்கைத் திருப்பினால், பாதி அடைப்பும் நோயாளிக்குப் பெரும் நிவாரணம் என்று தெரியும். படத்தில் தெரியும் அழகுக்கும் வாயில் அடங்கும் வலிக்கும் நேர்விகிதம் கிடையாது. லேசர் பற்றி 2021இல் வந்த காக்ரேன் மீளாய்வும் சான்றின் உறுதி குறைவு என்றே மதிப்பிட்டது. பட்டியல்களில் லேசர் மேலே நிற்பதற்கு அந்தப் படங்களுக்கும் பங்குண்டு என்று ஐயுறுகிறேன்.

இனி வளப்பூர் நாடு. ஒப்பீட்டு ஆய்வுகளில் சேர்க்கப்படும் பற்கள் ஒரு வகையின: கோரைப்பல், முன்கடைவாய்ப்பல், அவற்றின் கன்னப்பக்கக் கழுத்து, ஈறு விலகி வேர் தெரியும் இடம். மேற்பரப்பு தேய்ந்த பற்களை விலக்கிவிடுவார்கள். நகரத்துக் கல்லூரி மருத்துவமனையில் இது நியாயமான வடிகட்டல். வெற்றிலை பாக்கு மெல்லும் பெரியவர்களும், சாம்பலோ கரித்தூளோ வைத்து விரலால் துலக்கியவர்களும் உள்ள மலையூரில் இந்த வடிகட்டி யாரை உள்ளே விடும்? பாக்கு மெல்லத் தேயும் பரப்பில் பல கூசுவதே இல்லை. மெதுவான தேய்வுக்கு ஈடாக உள்ளே டென்டின் தடித்து நுண்குழல்கள் தாமே அடைந்துவிடுகின்றன. கூசுபவை, தேய்வு அந்த ஈட்டை முந்திவிட்ட பற்கள். அவற்றைப் பற்றி ஒப்பீட்டு ஆய்வுகள் வாய் திறப்பதில்லை. மலையில் விளையும் அன்னாசியும் ஆரஞ்சும் அமிலம் மிக்கவை. அமிலம் பட்டவுடன் துலக்கினால் அடைந்த குழல் மீண்டும் திறக்கும். எந்த மருந்தைப் பூசினாலும் இந்த வழக்கத்தைக் கேட்டறியாத சிகிச்சை அரைகுறைதான்.

சோதனைமுறையே மலைக்கு அந்நியம். காற்றை ஊதிக் கூச்சத்தை அளக்கும் ஷிஃப் அளவுகோலின்படி பல்லிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, ஒரு விநாடி, சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அழுத்தத்தில், 21 டிகிரி செல்சியஸ் அளவில் காற்றை ஊத வேண்டும். அமுக்கியும் சீரான மின்சாரமும் உள்ள நாற்காலியைக் கருதி வகுத்த முறை. மார்கழிக் காலையில் வளப்பூர் நாட்டுப் பெரியகோவிலூரில் நடக்கும் முகாமில் அறைக் காற்றே அந்த வெப்பநிலைக்குக் கீழே இருக்கும். அடிவாரக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் வண்டியில் லேசர் கருவி வருமா என்ற கேள்வியை நான் விரித்துப் பேசப்போவதில்லை. வந்தாலும் மேலே சொன்ன காரணங்களால் அது முதல் தேர்வாகாது. குளூட்டரால்டிஹைடு வேலை செய்யும் மருந்துதான். நுண்குழல் திரவத்தின் புரதத்தை உறையவைத்து அடைக்கிறது. ஆனால் ஈறில் பட்டால் சுடும். பல்லை நன்றாகத் தனிமைப்படுத்தி உலர்த்த வேண்டும். வார்னிஷுக்கு அந்தக் கெடுபிடி இல்லை, உமிழ்நீர் பட்டே இறுகும். அதில் ஃப்ளோரைடு 22,600 பிபிஎம். 38 சதவீத வெள்ளிக் கரைசலில் அது 44,800. கூடவே வெள்ளியும் நுண்குழலில் படியும். அமெரிக்காவில் இந்தக் கரைசலுக்கு 2014இல் கிடைத்த அனுமதி கூச்சத்துக்காகத்தான், சொத்தைக்காக அன்று. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் அதை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கறை பற்றிய அச்சம் மிகைப்பட்டது: கருமை முக்கியமாகச் சொத்தைப் பரப்பில் படிகிறது; சொத்தையில்லாத கழுத்துப் பரப்பில் பெரும்பாலும் பொருட்படுத்தும் அளவில் இருக்காது.

எனவே வளப்பூர் நாட்டுக்கு என் வரிசை: முதலில் வெள்ளிக் கரைசல், முன்பல்லில் கறைக்கு அஞ்சுவோருக்கு வார்னிஷ், லேசரும் குளூட்டரால்டிஹைடும் திருச்செங்கோட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்பப்படுபவர்களுக்கு. இதைச் சோதித்துப் பார்க்க காஸ்டில்லோ குழுவின் வடிவமே போதும், இரு திருத்தங்களுடன். ஒரு தளம் பெரியகோவிலூர், மற்றது சமவெளியில் ராசிபுரம். உலோகச் சுவையை மறைக்க இரு குழுவினரும் பூச்சுக்கு முன்னும் பின்னும் புதினா நீரால் கொப்பளிக்க வேண்டும். கிராம்பு கூடாது, அதுவே மரக்கச் செய்யும். எலுமிச்சையும் கூடாது, குழலைத் திறந்துவிடும். ஏழாம் நாள் வலியை அளந்த பின் ‘உங்களுக்குப் பூசியது மருந்தா, நீரா, என்ன நினைக்கிறீர்கள்?’ என்று ஒவ்வொருவரையும் கேட்டுப் பதிய வேண்டும். நீர்க் குழுவினருக்கு அன்றே மருந்து பூசிவிட வேண்டும். கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா வரும் ஆடி 18ஐ ஒட்டி மறுவருகையை வைத்தால் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

பெரு நாட்டுத் திட்டவிலக்கங்களைக் கொண்டு கணித்தால், 18 மி.மீ. தள வேறுபாட்டை 80 சதவீத ஆற்றலுடன் காணப் பிரிவுக்கு 44 பேர் தேவை. விடுபடுவோருக்கு இடம்விட்டு 50 என்று வைத்தால் மொத்தம் 200 பேர். எல்லோரும் தங்கினால் தள வேறுபாட்டின் நம்பக இடைவெளி இருபுறமும் சுமார் 12 மி.மீ.க்குள் அடங்கும். வேறுபாடு பூஜ்யத்தை ஒட்டி வந்து, மருந்தா நீரா என்று பெரும்பாலோரால் ஊகிக்கவும் முடியாமல், அந்நிலையிலும் நிகரப் பலன் இரு தளத்திலும் 36ஐ நெருங்குமானால், ஊர், மறைப்பு என்ற என் இரு விளக்கங்களும் விழும். லிமாவின் எண்ணையே தலைமை எண்ணாகக் கொள்ளலாம். ஊகித்தவர்களிடம் மட்டும் பலன் பெருகித் தெரிந்தால், உலோகச் சுவையுள்ள மருந்தை நீரோடு ஒப்பிட்ட மற்ற ஆய்வுகளையும் தரவரிசைகளிலிருந்து எடுத்து மறுபடி எண்ண வேண்டியிருக்கும்.